ஏரிக்கரையோரம் வீடு வாங்குமுன்: பெங்களூரின் தென்கிழக்கில் குடியேறும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட பிறகு, அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் ஓசூர் சாலையின் இருபுறமும் சொந்த வீடு தேடத் தொடங்கியிருக்கின்றன. ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, ஆனேக்கல், அத்திபெலே என்று நீளும் இந்த விளிம்பில் நகரின் நடுப்பகுதியைவிட விலை குறைவு. ஓசூரும் கிருஷ்ணகிரியும் பக்கம். ஹீலலிகே, ஆனேக்கல் ரோடு நிலையங்கள் வழியாகச் சேலம் பாதை ரயிலும் உண்டு. ஏரிகளும் இங்கே நெருக்கம். ஹெப்பகோடி ஏரி, சந்தாபுரா ஏரி, ஹென்னாகரா ஏரி, முத்தாநல்லூர் ஏரி என்று அடுத்தடுத்து வரும் நீர்நிலைகளின் ஓரமாகத்தான் புதிய லேஅவுட்டுகளும் அடுக்குமாடிக் கட்டடங்களும் எழும்புகின்றன. விளம்பரங்களும் ஏரியைக் காட்டியே விற்கின்றன.

பெரும்பாலோர் முதலில் பணத்தைக் கணக்குப் போட்டு, பிறகு வீட்டைப் பார்த்து, பிடித்துப்போனால் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, அதன்பின் பத்திரங்களை வக்கீலிடம் காட்டுகிறார்கள். தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்பது முதல் பெருமழையில்தான் தெரியவருகிறது. ஏரியோர வீட்டுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் தண்ணீர், அடுத்து நிலத்தின் எல்லை, அதற்கடுத்துப் பத்திரம், கடைசியில்தான் விலைப் பேச்சு. முதல் இரண்டில் தேறாத வீட்டுக்கு வக்கீல் கட்டணம்கூடச் செலவு செய்யத் தேவையில்லை.

தண்ணீர் போகும் வழியை முதலில் பாருங்கள்

பெங்களூரின் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காகக் கரை போட்டுத் தேக்கப்பட்டவை. மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, கீழே உள்ள ஏரிக்குப் போகும்படி அவை சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டன. அந்தக் கால்வாய்களைத்தான் இங்கே ராஜகாலுவே என்கிறார்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. நம் ஊர் ஏரிகளுக்கு உள்ள கரை, மதகு, கலங்கல், உள்வாய், ஆயக்கட்டு எல்லாம் இங்கேயும் உண்டு. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, அந்த மனை ஏரியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கரைக்குக் கீழே இருக்கும் நிலம் பழைய நெல்வயல், அதாவது தாழ்வான ஆயக்கட்டு. அங்கே கட்டப்பட்ட வீட்டின் தரைமட்டம் ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கக்கூடும். கரையில் கசிவு ஏற்பட்டாலோ, மதகு அடைத்துக்கொண்டாலோ பாதிப்பு நேரே வந்து சேரும். கலங்கலுக்கு நேர் கீழே இருப்பது அதைவிட ஆபத்தானது. ஏரி நிரம்பும் ஒவ்வொரு முறையும் வழிந்தோடும் நீருக்கு அதுதான் பாதை. உள்வாய்ப் பக்கம், அதாவது நீர் வந்து சேரும் பக்கம், கோடையில் வறண்டு மைதானம் போலத் தெரியும். வீடு வாங்க வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தப் பக்கத்தில்தான். நல்ல மழை பெய்த ஆண்டில் நீர் பின்வாங்கி நிற்கும் எல்லை அங்கே நீங்கள் நினைப்பதைவிட வெகுதூரம் பரவியிருக்கும். கரையின் இரு முனைகளும் போய்ச் சேரும் மேட்டு நிலமே ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஏரியோரம்தான் வேண்டும் என்றால் அந்த மேட்டில் தேடுங்கள். ஏரி கொஞ்சம் தள்ளித் தெரிந்தாலும் பரவாயில்லை.

இது வெறும் அச்சம் அல்ல. எலகங்கா ஏரிக்குப் பக்கத்தில் உள்ள கேந்திரிய விஹார் குடியிருப்பு 2021 நவம்பரிலும் 2024 அக்டோபரிலும் வெள்ளத்தில் மூழ்கியது. குடியிருந்தவர்களைப் படகில் வெளியேற்ற வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் சர்ஜாபுரா சாலையிலும் யமலூரிலும் கோடிக்கணக்கில் விலைபோன தனி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து டிராக்டரில் ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட்டிலும் அதே நிலைமை. கால்வாய் குறுகிப்போன இடத்தில் வீட்டின் விலை எவ்வளவாக இருந்தாலும் மழை பாகுபாடு பார்ப்பதில்லை.

இதைச் சோதிக்க நேரமும் நடையும் போதும். பெங்களூரில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும். முடிந்தால் அந்த மாதங்களில், பெருமழை பெய்த மறுநாள் காலையில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வேறு மாதத்தில் போனால் சுற்றுச்சுவரிலும் தரைத்தள வீடுகளின் வெளிச்சுவரிலும் பழைய நீர்க்கறை இருக்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்துக் குடியிருப்பின் காவலாளியிடமும், முனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவரிடமும், தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். விற்பவரும் புரோக்கரும் உடன் இருக்கும்போது கேட்காதீர்கள். சாலை மட்டத்தைவிட மனை தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அருகிலுள்ள ராஜகாலுவேயை இருபுறமும் சில நூறு மீட்டர் நடந்து பார்த்து, அகலமாக வரும் கால்வாய் எந்த இடத்திலாவது திடீரென்று குழாயாகவோ சிறு பாலமாகவோ சுருங்குகிறதா என்று கவனியுங்கள். சுருங்கும் இடத்துக்கு மேல்பக்கம் இருக்கும் வீடுகள்தான் முதலில் மூழ்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். 15, 20 ஆண்டுகளுக்கு முன் அந்த மனை வயலாக இருந்ததா, மேட்டு நிலமா, நீர் நின்ற இடமா என்பதை அதில் ஓரளவு கண்டுகொள்ளலாம்.

அடித்தள வாகன நிறுத்தம் உள்ள கட்டடம் என்றால், அங்கே இறங்கி மூலைகளையும் லிஃப்ட் குழியையும் பாருங்கள். ஏரி நிரம்பும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறி அடித்தளச் சுவர் வழியாகக் கசியும். அதை இறைக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அதன் மின்செலவு ஒவ்வொரு மாதமும் பராமரிப்புக் கட்டணத்தில் உங்கள் தலையில்தான் விழும். புதுக் கட்டடமானால் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். வண்டல் மண்ணிலோ கொட்டி நிரப்பிய மண்ணிலோ அடித்தளம் எப்படிப் போடப்பட்டது என்பதற்குப் பொறியாளரிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

அந்த ஏரி உயிரோடு இருக்கிறதா

ஏரி என்பது பல இடங்களில் கழிவுநீர்த் தேக்கம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கியும், 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றியும் செய்தியானதை மறந்திருக்க மாட்டீர்கள். பெள்ளந்தூரிலிருந்தும் வர்த்தூரிலிருந்தும் போகும் அந்த நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் மீண்டும் நுரையாகப் பொங்குவதை நம் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் நன்றாக அறிவார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் சந்தாபுரா ஏரியையே எடுத்துக்கொண்டால், அதன் மாசைத் தடுக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஹெப்பகோடி ஏரியைப் போல மீட்பு முயற்சி நடந்த ஏரிகளும் இருக்கின்றன. ஆகவே எல்லா ஏரிகளையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டியதில்லை, நீங்கள் வாங்கப்போகும் வீட்டை ஒட்டிய ஏரியை மட்டும் நன்றாகப் பாருங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் வற்றும்போது துர்நாற்றம் உச்சத்தில் இருக்கும். ஒரு முறை விடியற்காலையிலும் ஒரு முறை அந்தி சாயும் நேரத்திலும் அந்த வீட்டின் ஜன்னலைத் திறந்துவைத்து நின்று பாருங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வீடு காட்டுவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் காரணம் இருக்கும். கழிவு சேரும் நீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பை அரிக்கும் தன்மையுடையது என்பதால், அக்கம்பக்கத்து வீடுகளில் ஏ.சி. இயந்திரத்தின் குழாய்கள் அடிக்கடி பழுதாகின்றனவா என்று விசாரிப்பது பயன்தரும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏரி நீரை 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் பிரிக்கிறது. 'டி' மீன் வளரத் தக்கது, 'ஈ' பாசனத்துக்கும் தொழிற்சாலைக் குளிர்விப்புக்கும் மட்டுமே என்று பொருள். உங்கள் ஏரியின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை எங்கே முடிகிறது

ஏரியிலிருந்தும் கால்வாயிலிருந்தும் எவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்பதில் சட்டநிலை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறியிருக்கிறது. பெங்களூரின் 2015 திருத்தப் பெருந்திட்டம் ஏரிக்கு 30 மீட்டரும், கால்வாய்களுக்கு அவற்றின் நிலைக்கேற்ப 50, 25, 15 மீட்டரும் வைத்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் ஏரிக்கு 75 மீட்டர் என்று உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் அந்த உயர்வை ரத்து செய்தது. ஆனேக்கல் பகுதிக்குத் தனித் திட்டக் குழுமமும் தனிப் பெருந்திட்டமும் உண்டு. ஆகவே வாங்கும் நாளில் எந்த அளவு நடைமுறையில் இருக்கிறது என்பதைக் குழும அலுவலகத்தில் கேட்டு, உங்கள் சர்வே எண்ணுக்கான நிலப் பயன்பாட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் தூரத்தை ஏற்காதீர்கள்.

கர்நாடக அரசின் திசாங்க் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு மனையின் நடுவில் நின்றால், அந்த இடத்தின் சர்வே எண்ணும் சுற்றியுள்ள எண்களும் வரைபடத்தோடு தெரியும். அதை ஆரம்பக்கட்டச் சோதனையாக மட்டும் கொள்ளுங்கள். அதன்பின் வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை வாங்கி, அதில் ஏரியும் ஓடைகளும் எங்கே வரையப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். இன்று தரையில் தெரியாத ஓடைகூட அந்த வரைபடத்தில் இருக்கும், சட்டத்தின் கண்ணில் அது இன்னும் ஓடைதான். நிலத்தின் உரிமை, சாகுபடி விவரங்கள் அடங்கிய பகாணி எனப்படும் ஆர்.டி.சி.யில் கராபு என்ற பகுதியையும் தவறாமல் கவனியுங்கள். 'ஏ' கராபு சாகுபடிக்கு உதவாத நிலம். 'பி' கராபு பாதை, ஓடை, நீர்நிலை போன்ற பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்ட நிலம், அதை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது. ஒரு ஏக்கர் நிலத்தில் 5 குண்டா 'பி' கராபு என்றிருந்தால், லேஅவுட்டில் எந்த மனைகள் அந்த 5 குண்டாவின் மேல் விழுகின்றன என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை. சென்ட் கணக்கில் பழகியவர்களுக்கு: 40 குண்டா ஓர் ஏக்கர், ஒரு குண்டா 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். சந்தேகம் தீராவிட்டால் அரசு சர்வேயரைக் கொண்டு அளந்து எல்லைக்கல் பார்க்க விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆகும் காத்திருப்பை விற்பவர் எதிர்த்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 2015 ஏப்ரலில் சாரக்கி ஏரியிலும், 2016 ஆகஸ்டில் ராஜகாலுவே ஓரங்களிலும் வீடுகள் இடிக்கப்பட்டபோது, பதிவுப் பத்திரமும் காத்தா எனப்படும் சொத்துவரிப் பதிவும் வரி ரசீதும் வங்கிக் கடனும் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்தக் காகிதங்கள் எதுவும் பொதுநிலத்தைத் தனியார் நிலமாக்கிவிடாது. வங்கியே கடன் கொடுத்துவிட்டதே என்ற ஆறுதலில் தூங்காதீர்கள். வீடு போனாலும் தவணை நிற்காது.

பத்திரங்கள்

தமிழ்நாட்டில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே காத்தாதான் முதலில் காட்டப்படும். காத்தா என்பது சொத்துவரிப் பதிவேட்டில் உள்ள பதிவு. அது உரிமைப் பத்திரம் ஆகாது. 'ஏ' காத்தா விதிகளுக்குட்பட்ட சொத்துக்கும், 'பி' காத்தா நில மாற்றமோ (விவசாய நிலத்தை வீட்டு நிலமாக்கும் அனுமதி) லேஅவுட் அங்கீகாரமோ கட்டட அனுமதியோ இல்லாத சொத்துக்கும் வழங்கப்படுவது. வங்கிகள் பெரும்பாலும் 'பி' காத்தாவுக்குக் கடன் தரத் தயங்கும். 2024 அக்டோபரிலிருந்து பெங்களூர் மாநகர எல்லைக்குள் பதிவுக்கு மின் காத்தா கட்டாயம். சந்தாபுரா, ஹெப்பகோடி, அத்திபெலே போன்றவை தனித்தனி நகராட்சிகளின்கீழ் வருகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களில் பஞ்சாயத்து வழங்கும் இ-சொத்துப் படிவம் 9, படிவம் 11 ஆகியவற்றைக் கேளுங்கள். நில மாற்ற ஆணையும் திட்டக் குழுமத்தின் லேஅவுட் அங்கீகாரமும் இல்லாத ரெவின்யூ சைட்டை, எவ்வளவு மலிவாக வந்தாலும், சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்கும் முதல் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை குறைந்தது 30 ஆண்டுத் தொடர்ச்சியை வக்கீல் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றைக் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் எடுக்கலாம். 2004க்கு முந்தைய விவரங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மூலத்தில் அந்த நிலம் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலமா என்பதைக் கட்டாயம் விசாரிக்கச் சொல்லுங்கள்; 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட நிலத்தை விற்றது செல்லாது, பல கைகள் மாறியபிறகும் அது மூல உரிமையாளரின் வாரிசுகளுக்குத் திரும்பலாம். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்து விற்கப்படும் சொத்தை உச்ச நீதிமன்றத்தின் 2011 தீர்ப்புக்குப் பிறகு தொடவே வேண்டாம். ஆவணங்கள் கன்னடத்தில் இருக்கும் என்பதால், கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்த, ஆனேக்கல் நீதிமன்றத்தில் நில வழக்குகள் நடத்திப் பழகிய வக்கீலை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். விற்பவர் அறிமுகம் செய்யும் வக்கீல் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வேலைக்கு அவர் வேண்டாம்.

அடுக்குமாடி வீடு என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ கட்டப்படும் திட்டம் ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரேரா சட்டம் அனுமதிப்பதில்லை. ஒப்படைத்தபின் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். உங்கள் பத்திரத்தில் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். குடியேற்றச் சான்று எனப்படும் ஓ.சி. இல்லாத கட்டடங்களுக்கு மின், நீர் இணைப்பு தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டபின், 'பிறகு வாங்கித் தருகிறோம்' என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை.

குடிக்கவும் குளிக்கவும்

ஏரி பக்கத்தில் இருப்பதால் தண்ணீர்ப் பஞ்சம் வராது என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2007இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கானது. சந்தாபுராவும் அத்திபெலேயும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான் கதி. போர்வெல் நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்: இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, நைட்ரேட் 45ஐத் தாண்டக்கூடாது. நைட்ரேட்டும் மலக் கிருமியும் சேர்ந்து அதிகமாக வந்தால் கழிவுநீர் நிலத்தடியில் கலக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். குடியிருப்புச் சங்கத்திடம் கோடை மாதங்களின் டேங்கர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

பணக் கணக்கு

கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். புது அடுக்கக வீட்டின் முதல் விற்பனையில் 45 லட்சம் வரை சலுகை உண்டு. தீர்வையின் மேல் 10 சதவீத வரியும், நகரத்தில் 2, கிராமத்தில் 3 சதவீத மேல்வரியும் சேரும். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்துவிட்டது. பழைய கணக்கை வைத்துப் பேசும் புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆக, நகராட்சி எல்லைக்குள் 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 4,56,000 ரூபாய் ஆகும். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு, அந்த மதிப்பில் பதிவுச் செலவு சேராது. எனவே கையில் 12 லட்சத்தோடு இந்த நாலரை லட்சத்தையும் தனியே வைத்திருக்க வேண்டும். கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 45 லட்சத்துக்குள்ளும் 60 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம், நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் எதுவும் இல்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை நீங்களே பிடித்து விற்பவர் பெயரில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும்.

விலையைக் குறைத்துப் பேச இந்த வீடுகளில் இடமுண்டு. நீங்கள் சேகரித்த டேங்கர் பில், அடித்தளக் கசிவின் படங்கள், ஆய்வக அறிக்கை ஆகியவற்றை மேஜையில் வைத்துப் பேசினால் விற்பவர் மறுக்க முடியாது. ஆனால் வெள்ளப் பாதைக்கும் எல்லைச் சிக்கலுக்கும் தள்ளுபடி ஈடாகாது.

பதிவு முடிந்த அதே மாதத்தில் காத்தா மாற்றத்துக்கும், மின் இணைப்பைப் பெயர் மாற்றவும் விண்ணப்பித்து, ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்துவையுங்கள். வீட்டுக் காப்பீடு எடுக்கும்போது வெள்ளச் சேதம் அதில் அடங்குகிறதா என்று வாசகத்தைப் படித்தே கையெழுத்திடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன், குடியிருப்புச் சங்கத்தின் சார்பில் ராஜகாலுவேயைத் தூர்வாரச் சொல்லி நகராட்சிக்கு எழுத்துபூர்வ மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கன்னடத்தில் மனு எழுதத் தெரிந்த அண்டை வீட்டுக்காரர் உங்களுக்கு உதவுவார்.